வீட்டு மாட்டுப் பாலைச் சோதித்து, சட்டப்படி விற்பது எப்படி?

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் தோட்டத்து லயங்களை விட்டு வெளியேறிப் பட்டணத்தின் ஓரங்களில் குடியேறிய குடும்பங்களில் சில இன்னும் மாட்டை விடவில்லை. நான்கு மாடு, ஆறு மாடு என்று கொட்டகை போட்டு, விடியுமுன் கறந்து, ஏழு மணிக்குள் காப்பிக் கடைக்கும் கோயிலுக்கும் அக்கம்பக்கத்து வீடுகளுக்கும் ஊற்றி முடித்துவிடுகிறார்கள். எங்கள் வீடும் அப்படிப்பட்ட ஒன்றுதான். இந்த வழிகாட்டி அத்தகைய சிறு பால்காரர்களுக்காக எழுதப்படுகிறது. வாங்கிக் குடிப்பவர்களுக்கும் சில பகுதிகள் உதவலாம்.

முதலில் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். சட்டம் பாலில் எதை அளக்கிறதோ அதை விற்பவரும் தம் வீட்டிலேயே நாள்தோறும் அளந்து எழுதி வைக்க வேண்டும். அப்படிச் செய்யாதவர், எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும், ஒருநாள் மாதிரி தவறிப்போகும்போது தம் பக்கத்து நியாயத்தைச் சொல்ல வழியில்லாமல் நிற்பார். "ஒரு சொட்டுத் தண்ணிகூடக் கலக்கல, துவான்" என்று மாரியம்மன் பேரில் சத்தியம் செய்வது ஆய்வறிக்கைக்கு முன்னால் நிற்காது.

யாரிடம் போவது

பால் விற்பவர் மூன்று வாசல்களை அறிந்திருக்க வேண்டும். மாடு கால்நடைச் சேவை இலாகாவைச் சேர்ந்தது. பால் உணவாக மாறிய பிறகு சுகாதார அமைச்சைச் சேர்ந்தது. விற்கும் இடமும் கொட்டகை நாற்றமும் சாக்கடையும் உள்ளூர் நகராண்மைக் கழகத்தைச் சேர்ந்தவை. சுங்கை சிப்புட்டைப் பொறுத்தவரை அது கோலகங்சார் நகராண்மைக் கழகம். வேறு தோட்டப் பட்டணத்தில் இருப்பவர்கள் தங்கள் மாவட்ட மன்றத்தையோ நகராண்மைக் கழகத்தையோ நாட வேண்டும். 1976-ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டத்தின் கீழ் ஒவ்வொரு மன்றமும் தனக்கென்று துணைச் சட்டங்களை இயற்றிக்கொள்கிறது. ஆகவே ஈப்போவில் இருக்கும் மைத்துனர் சொன்ன விதி உங்கள் ஊருக்கும் பொருந்தும் என்று எண்ணிக்கொள்ளாதீர்கள். கொட்டகை நிற்கும் நிலத்தின் தன்மையையும், வீடுகளுக்கு எவ்வளவு தொலைவில் மாடு கட்டலாம் என்பதையும், வீட்டிலிருந்து பால் விற்க எத்தகைய உரிமம் தேவை என்பதையும் மன்றத்தின் உரிமப் பிரிவில் நேரில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. முகப்பில் இருப்பவர் வாயால் சொன்ன அனுமதி, அவர் மாற்றலாகிப் போன மறுநாளே காற்றில் போய்விடும்.

மக்கள் பெஜாபாட் கெசிஹாத்தான் என்று சொல்லும் மாவட்டச் சுகாதார அலுவலகந்தான் பால் விஷயத்தில் அதிகம் நடமாடும். 1983-ஆம் ஆண்டு உணவுச் சட்டமும், 1985-ஆம் ஆண்டு உணவு விதிமுறைகளும், 2009-ஆம் ஆண்டு உணவுச் சுகாதார விதிமுறைகளும் அவர்கள் கையில் இருப்பவை. கடைசியாகச் சொன்ன விதிமுறைகளின்படி உணவைக் கையாள்பவர்கள் அங்கீகரிக்கப்பட்ட பயிற்சிக்குச் சென்றிருக்க வேண்டும். டைஃபாய்டு ஊசி போட்டிருக்க வேண்டும். அந்த ஊசியை மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். பயிற்சி ஒரு நாளில் முடிந்துவிடும். அதைத் தள்ளிப்போடுவதற்குக் காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. இடம் மிகவும் அசுத்தமாக இருந்தால் பதினான்கு நாள் வரை மூடிவைக்க உணவுச் சட்டத்தின் பதினோராம் பிரிவு வழி செய்கிறது. தினமும் கறக்கும் மாட்டுக்குப் பதினான்கு நாள் விடுமுறை கொடுக்க முடியாது என்பதைப் பால்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

சட்டம் எதைப் பால் என்கிறது

உணவு விதிமுறைகளின்படி பால் என்பது நோயற்ற மாட்டின் மடியிலிருந்து கறந்த, சீம்பால் கலவாத திரவம். அதில் குறைந்தது 3.25 விழுக்காடு கொழுப்பும், கொழுப்பு நீங்கலான திடப்பொருள் குறைந்தது 8.5 விழுக்காடும் இருக்க வேண்டும். தண்ணீரோ, பால்மாவோ, கெட்டிப்பாலோ, வேறு எதுவுமோ சேர்க்கப்பட்டிருக்கக் கூடாது. இந்த இரண்டு எண்களையும் கொட்டகைச் சுவரில் சாக்குக்கட்டியால் எழுதி வையுங்கள், ஏனெனில் மற்றதெல்லாம் இவற்றைச் சுற்றித்தான் வரும்.

கொழுப்பு எண்ணைப் பற்றி நம்மவர்கள் அதிகம் கவலைப்படத் தேவையில்லை. தோட்டங்களுக்கு வந்த நம் முன்னோரோடு சேர்ந்து வளர்ந்த நாட்டு இந்தியக் கறவை மாடு குறைவாகக் கறந்தாலும் கொழுப்பாகக் கறக்கும். கால்நடை இலாகா பிரீசியனையும் சாகிவாலையும் கலந்து உருவாக்கிய மாஃப்ரிவால் போன்ற கலப்பின மாடுகள் அதிகம் கறக்கும். பால் சற்று இளகியிருக்கும். இரண்டையும் வைத்திருப்பவர் பாலைச் சேர்த்து ஊற்றினால் கொழுப்பு நிரவிவிடும். நார்த்தீனி குறைந்து தீவனம் மட்டும் அதிகமானால் கொழுப்பு இறங்கும் என்பதை மட்டும் நினைவில் கொள்ளுங்கள்.

நேர்மையானவர்களைக் கவிழ்ப்பது இரண்டாவது எண்தான். பசும்புல் வற்றி, மாடு வயிறு நிறையாமல் வெறும் வைக்கோலில் நாளைத் தள்ளும்போது கொழுப்பு நீங்கலான திடப்பொருள் குறைகிறது. மடிநோய் வந்த மாட்டிலும் குறைகிறது. வெயில் தாங்காமல் மூச்சிரைக்கும் பிரீசியன் கலப்பிலும் குறைகிறது. இவற்றில் எதற்கும் பால்காரர் தண்ணீர் ஊற்றியிருக்க வேண்டியதில்லை. ஆனால் அறிக்கையில் 8.3 என்று வரும்போது, அது பட்டினியால் வந்ததா குழாயால் வந்ததா என்று அந்த எண் மட்டும் சொல்லாது. அதைப் பிரித்தறிய ஆய்வுக்கூடம் பாலின் உறைநிலையைப் பார்க்கிறது. பசும்பால் பூஜ்யத்துக்குக் கீழே ஏறத்தாழ 0.52 முதல் 0.54 டிகிரி செல்சியசில் உறையும். மாட்டின் தீனி மாறினாலும் இது பெரிதாக மாறாது. தண்ணீர் சேரச்சேரப் பூஜ்யத்தை நோக்கி நகரும். ஆகவே திடப்பொருள் குறைந்து, உறைநிலை சரியாக இருந்தால் குறை தீவனத்தொட்டியில் இருக்கிறது. இரண்டும் தவறியிருந்தால் தண்ணீர் எங்கிருந்தோ வந்திருக்கிறது. உங்கள் பால் ஒருமுறை தவறினால் உறைநிலை பார்க்கப்பட்டதா என்று மரியாதையாகக் கேளுங்கள். அது கேட்கத் தகுந்த கேள்வி.

தண்ணீர் "எங்கிருந்தோ" வருவதைப் பற்றி எனக்குச் சொந்த அனுபவம் உண்டு. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு சுகாதார அதிகாரி எங்கள் வீட்டில் மாதிரி எடுத்துச் சென்றார். திடப்பொருள் 8.5-க்கு ஒரு மயிரிழை கீழே வந்து, தண்ணீரும் கலந்திருப்பதாக அறிக்கை வந்தது. அம்மா மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. பக்கத்து வீட்டுக்காரி பொறாமையில் எதையோ ஊற்றிவிட்டாள் என்பது அவருடைய முதல் முடிவு. நான்காம் நாள் காலை, அம்மா கழுவி வைத்திருந்த பத்து லிட்டர் அலுமினியப் பால் டின்னைக் கையில் எடுத்தபோது அடியில் ஏதோ தளும்பியது. அதை அளவுக் குவளையில் கவிழ்த்தேன். முந்நூறு மில்லிலிட்டர் இருந்தது. டின்னின் கழுத்து உட்புறமாக மடிந்திருப்பதால் சும்மா சாய்த்தால் முழுவதும் வடியாது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 8.7 விழுக்காடு திடப்பொருள் உள்ள பத்து லிட்டர் பாலில் முந்நூறு மில்லி சேர்ந்தால் 8.45 ஆகிவிடுகிறது. பக்கத்து வீட்டு அக்காவிடம் மன்னிப்புக் கேட்க அம்மாவுக்கு இன்னும் ஒரு வாரம் பிடித்தது.

ஆகவே டின்னை முதலில் பச்சைத் தண்ணீரில் அலசுங்கள். எடுத்தவுடன் சுடுதண்ணீர் ஊற்றினால் பாலின் புரதம் வெந்து கல் போல ஒட்டிக்கொள்ளும். பிறகு சோப்புப் போட்டுச் சுடுதண்ணீரில் தேய்த்து, அலசி, கம்பிச் சட்டத்தின்மேல் வாய் கீழாகக் கவிழ்த்து முழுவதும் உலரவிடுங்கள். ஊற்றும் குவளையைத் தண்ணீர் வாளியில் முக்கி முக்கி எடுக்கும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். ஒவ்வொரு முக்கலிலும் ஒரு கரண்டித் தண்ணீர் பாலுக்குள் போகிறது.

பால்மானியைப் படிக்கும் முறை

பால்மானி ஒரு கண்ணாடிக் குழல். அடியில் ஈயக் குண்டுகள், மேலே மெல்லிய தண்டில் கோடுகள். நல்ல பசும்பாலில் அது 28-க்கும் 32-க்கும் இடையில் நிற்கும். 30 என்றால் அந்தப் பாலின் அடர்த்தி தண்ணீரைப்போல் 1.030 மடங்கு என்று பொருள். கருவி மலிவானது, தவறாகப் படிப்பதுதான் விலை கூடியது.

கறந்த கையோடு அளக்காதீர்கள். நுரையும் நுண்ணிய காற்றுக் குமிழிகளும் அடங்காத பாலில் எண் குறைவாகக் காட்டும்; கொழுப்பு குளிர்ந்து இறுகிய பிறகே பாலுக்கு அதன் முழு அடர்த்தி வரும். ஒரு மணி நேரமாவது பொறுங்கள். பாலை இரண்டு பாத்திரங்களுக்கு இடையே நான்கைந்து முறை மெதுவாக, நுரை எழாமல் மாற்றி ஊற்றிக் கலக்குங்கள். பிறகு உயரமான குவளையை விளிம்பு வரை நிரப்பி, பால்மானியைக் கைவிடாமல் இறக்கி, 30-ஐத் தொடும்போது மெல்ல விடுங்கள். அது சுவரில் உரசாமல் நின்றதும், கண்ணைப் பாலின் மட்டத்துக்குக் குனிந்து கொண்டுவந்து கோட்டைப் படியுங்கள். நின்றபடி மேலிருந்து பார்த்தால் ஒன்றோ இரண்டோ கூடக் குறையத் தெரியும்.

அடுத்தது வெப்பம். பால்மானியின் தண்டில் அது எந்த வெப்பநிலைக்காகச் செய்யப்பட்டது என்று எழுதியிருக்கும். பல கருவிகளில் 15.5 டிகிரி செல்சியஸ் என்றிருக்கும், சிலவற்றில் 20 என்றிருக்கும். குளிர்நாட்டு வெப்பநிலை அது. நம் ஊரில் நிழலில் வைத்த பாலே 28 டிகிரி இருக்கும். சூடான பால் இளகியிருப்பதால் பால்மானி ஆழமாக அமிழ்ந்து குறைவான எண்ணைக் காட்டும். ஒவ்வொரு டிகிரி கூடுதலுக்கும் ஏறத்தாழ 0.2 கூட்டிக்கொள்ள வேண்டும். இந்தத் திருத்தம் குறித்த வெப்பநிலைக்கு அருகில்தான் துல்லியமாக இருக்கும் என்பதால், குவளையைச் சிறிது நேரம் ஐஸ் தண்ணீரில் நிறுத்தி 20 டிகிரிக்குப் பக்கத்தில் கொண்டுவந்த பின் அளப்பதே என் வழக்கம்.

திருத்திய எண்ணும் கொழுப்பு விழுக்காடும் தெரிந்தால் திடப்பொருளைத் தாளிலேயே மதிப்பிடலாம். பால்மானி எண்ணை நான்கால் வகுத்து, கொழுப்பில் ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டி, அதோடு 0.14 சேர்க்க வேண்டும். ரிச்மண்ட் என்ற ஆங்கிலேய வேதியியலாளர் தந்த கணக்கு இது. 15.5 டிகிரிக்கான பால்மானி 20 டிகிரிப் பாலில் 29.6 காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். நாலரை டிகிரிக்கு 0.9 கூட்டினால் 30.5. கொழுப்பு 4 என்றால் 7.63, 0.8, 0.14 மூன்றும் சேர்ந்து 8.57, பால் தேறிவிட்டது. திருத்தம் செய்யாமல் 29.6-ஐயே போட்டிருந்தால் 8.34 வந்து, நல்ல பாலைக் கெட்ட பால் என்று நாமே நினைத்திருப்போம்.

பால்மானியை ஏமாற்ற முடியுமா என்று கேட்டால், முடியும். தண்ணீர் ஊற்றினால் எண் இறங்கும். மேலாடையை எடுத்துவிட்டால் எண் ஏறும், ஏனெனில் கொழுப்பு தண்ணீரைவிட இலேசானது. இரண்டையும் அளவாகச் செய்தால் கருவி 30-லேயே நிற்கும். அந்தக் காலத்துப் பால்காரர்கள் அறிந்திருந்த இந்த வித்தையை அதிகாரிகளும் அறிந்திருந்தார்கள்; கொழுப்பையும் தனியாகப் பார்ப்பது அதனால்தான். கொழுப்புச் சோதனை வீட்டில் செய்யத் தக்கதல்ல. கெர்பர் முறையில் கடுமையான கந்தக அமிலத்தில் பாலைக் கரைத்து, அமைல் ஆல்கஹால் சேர்த்துச் சுழற்ற வேண்டும். அதைக் கால்நடை இலாகாவின் பால் சேகரிப்பு மையத்திலோ ஆய்வுக்கூடத்திலோ விடுங்கள். மாதம் ஒருமுறை கிடைக்கும் கொழுப்பு எண்ணை வைத்து மற்ற நாள்களின் கணக்கை ஓட்டலாம்.

மாடும் மடியும்

ஒவ்வொரு காம்பிலிருந்தும் முதல் இரண்டு பீச்சல்களை டின்னுக்குள் விடாமல் கறுப்புக் கிண்ணத்தில் விடுங்கள். கறுப்பில் வெள்ளைத் திரிகளும் கட்டிகளும் பளிச்சென்று தெரியும். அவை தெரிந்தால் மடிநோய். அந்த மாட்டை எல்லாவற்றுக்கும் கடைசியில், தனிப் பாத்திரத்தில் கறக்க வேண்டும்.

மடிக்குள் மருந்துக் குழாய் போட்டாலும், ஊசி போட்டாலும், மருத்துவர் சொல்லும் நாள் கணக்கு முடியும் வரை அந்தப் பால் விற்பனைக்கு ஆகாது. கொதிக்க வைத்தால் மருந்து போய்விடும் என்ற நம்பிக்கை நம்மிடையே ஆழமாக இருக்கிறது. பெரும்பாலான மருந்து எச்சம் கொதியில் போவதில்லை. உணவு விதிமுறைகளும் அதற்கு வரம்பு வைத்திருக்கின்றன. அந்தப் பாலில் உறை ஊற்றினால் தயிர் தோயாமல் நீர்த்துக் கிடப்பதைச் சிலர் பார்த்திருப்பீர்கள். தயிரை உண்டாக்கும் கிருமியையும் அந்த மருந்து கொன்றுவிடுகிறது.

தோட்டப் பட்டணத்துக்கே உரிய இன்னொரு கவனம் புல்லைப் பற்றியது. செம்பனை நிரைகளுக்கு நடுவே களைக்கொல்லி அடித்த அடுத்த நாளும் புல் பச்சையாகத்தான் இருக்கும். கருகுவதற்குச் சில நாள் ஆகும். பாராகுவாட் மருந்து 2020 சனவரி முதல் நாட்டில் தடை செய்யப்பட்டுவிட்டாலும் வேறு மருந்துகள் அடிக்கப்படுகின்றன. தோட்ட வேலையை மேற்பார்க்கும் மண்டோரிடம் எந்த நிரையில் எந்த நாள் அடிக்கிறார்கள் என்று முன்கூட்டியே கேட்டு, அந்தப் பக்கம் மாட்டை ஓட்டாமல், புல்லும் அறுக்காமல் இருங்கள். கேட்டால் சொல்லிவிடுவார்கள், கேட்காமல் ஓட்டுவதுதான் நம் வழக்கம்.

வெளியே தெரியாத நோய்களுக்குக் கால்நடை இலாகாவை அழைக்க வேண்டும். காசநோய்க்கு மாட்டின் தோலில் ஊசி போட்டு, மூன்றாம் நாள் தடிப்பை அளப்பார்கள். புரூசெல்லோசிஸ் என்னும் கருச்சிதைவு நோய்க்கு இரத்தம் எடுப்பார்கள். ஆரோக்கியமாக மேயும் மாட்டுக்கு எதற்கு இதெல்லாம் என்று கேட்பவர்களுக்குப் பினாங்கில் நடந்ததைச் சொல்வேன். அங்கே ஓர் ஆட்டுப் பண்ணையின் காய்ச்சாத பாலை வாங்கிக் குடித்தவர்களில் ஓராண்டுக்குள் 79 பேருக்குப் புரூசெல்லோசிஸ் கண்டறியப்பட்டது. முதலில் படுத்தவர் பண்ணைக்காரரே. அவருக்கு டெங்கியா, மலேரியாவா, எலிக்காய்ச்சலா என்றெல்லாம் பார்த்து, எதுவும் இல்லை என்றான பிறகே உண்மை தெரிந்தது. இரத்த மாதிரிகளைக் கையாண்ட ஆய்வுக்கூடப் பணியாளர் நால்வருக்கும் தொற்றியது. அறிகுறி தொடங்கி நோய் இன்னதென்று தெரிவதற்குச் சராசரியாக 53 நாள் ஆகியிருக்கிறது; மூன்றில் ஒருவருக்குக் குணமான பின்னும் உபாதை நீங்கவில்லை. காய்ச்சாத ஆட்டுப்பால் மூட்டுவலிக்கு நல்லது, ஆஸ்துமாவுக்கு நல்லது என்று சொல்லி விற்பவர்கள் நம் பக்கத்திலும் உண்டு. அவர்களிடம் வாங்குவது உங்கள் விருப்பம். வாங்கியதைக் காய்ச்சாமல் குழந்தைக்குக் கொடுக்காதீர்கள்.

குளிர்ச்சியும் கொதியும்

மாட்டின் உடற்சூட்டில் வெளிவரும் பால் நம் ஊர்க் காற்றில் தானாக ஆறாது. கிருமிகளுக்கு அது விருந்து. அந்தச் சூட்டில் சில வகைகள் அரை மணிக்குள்ளேயே இரட்டிப்பாகும். கறந்து இரண்டு மணி நேரத்துக்குள் 4 டிகிரிக்கு இறக்குவதே இலக்கு. பெரிய குளிர்சாதனம் இல்லாதவர்கள், தண்ணீர் நிரப்பி உறையவைத்த பாட்டில்களைத் தொட்டியில் போட்டு, பால் டின்னை அதில் கழுத்தளவு நிறுத்தி, சுத்தமான துடுப்பால் பாலை அவ்வப்போது கிளறிக்கொடுக்க வேண்டும். கிளறாத பால் ஓரத்தில் குளிர்ந்து நடுவில் வெதுவெதுப்பாகவே இருக்கும். சூடான பாலை அப்படியே பெட்டிக்குள் வைத்து மூடுவது பயன் தராது.

புளிப்பு ஏறத் தொடங்கியதா என்று பார்க்க எளிய சோதனைகள் உண்டு. ஒரு கரண்டிப் பாலைச் சிறு கிண்ணத்தில் கொதிக்க வையுங்கள். திரிந்தால் அந்த டின் முழுவதும் போயிற்று. சேகரிப்பு மையங்களில் ஆல்கஹால் சோதனை செய்வார்கள்: ஏறத்தாழ 70 விழுக்காட்டு ஆல்கஹாலும் பாலும் சம அளவில் ஒரு சிறு குழாயில் சேர்த்து ஒருமுறை தலைகீழாக்கினால், நல்ல பால் வழுவழுப்பாகக் கண்ணாடியில் வழியும், புளித்ததோ, சீம்பால் கலந்ததோ, மடிநோய்ப் பாலோ மணல் போன்ற பொரிகளை விட்டுச்செல்லும். மெத்திலீன் நீலச் சோதனையில் பாலில் சாயத்தைக் கலந்து 37 டிகிரியில் வைத்துக் காத்திருப்பார்கள். கிருமிகள் மூச்சுவிட விட நீலம் வெளுக்கும். அரை மணியில் வெளுத்தால் மிக மோசம்; ஐந்தாறு மணி நேரம் நீலம் நின்றால் பால்காரர் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம்.

சூடாக்கி விற்பவர்கள் 63 டிகிரியில் முப்பது நிமிடம் என்ற முறையைக் கையாளலாம். பெரிய பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, அதற்குள் பால் பாத்திரத்தை இறக்கி, தெர்மோமீட்டரைப் பாலின் நடுவில் தொங்கவிட்டு, 63-ஐத் தொட்ட பிறகே நேரம் கணக்கிட வேண்டும். மேலே நிற்கும் நுரை பாலைவிடக் குளிர்ந்தே இருக்கும் என்பதால் அதைக் கிளறி உள்ளே கலந்துவிடுங்கள். முடிந்தவுடன் ஐஸ் தொட்டிக்கு மாற்ற வேண்டும். அடுப்பிலேயே ஆறவிட்டால் செய்த வேலை வீண். ஆலைகளில் 72 டிகிரியில் பதினைந்து வினாடி போதும், ஆனால் அதற்கான இயந்திரம் நம்மிடம் இல்லை. சரியாகச் சூடாக்கப்பட்டதா என்று ஆய்வுக்கூடம் பாஸ்ஃபட்டேஸ் என்ற நொதியைத் தேடிக் கண்டுபிடிக்கும். நோய்க்கிருமிகளைக் கொல்லும் சூட்டுக்குச் சற்று மேலேதான் அந்த நொதி அழிகிறது. அது மீந்திருந்தால் உங்கள் கடிகாரமோ தெர்மோமீட்டரோ பொய் சொல்லியிருக்கிறது. வீட்டில் குடிப்பவர்களுக்கு இவ்வளவு கணக்கு வேண்டாம். பொங்கி வரும்வரை காய்ச்சினால் போதும்.

அதிகாரி மாதிரி எடுக்க வரும்போது

மாதிரி எடுப்பதைத் தடுக்காதீர்கள்; தடுப்பதே தனிக் குற்றம். பாலை உங்கள் கையாலேயே நன்றாகக் கலக்க அனுமதி கேளுங்கள். நின்ற பாலில் மேலிருந்து மொண்டால் ஆடை அதிகமாகவும், அடிக்குழாயிலிருந்து பிடித்தால் மிகக் குறைவாகவும் வரும். இரண்டும் உங்கள் பாலைக் காட்டாது. ஆய்வுக்கான மாதிரியை மூன்றாகப் பிரித்து, முத்திரையிட்டு, ஒன்றை உங்களிடம் கொடுத்து, ஒன்றை ஆய்வுக்கு அனுப்பி, ஒன்றைத் தம்மிடம் வைத்துக்கொள்வதே உணவுச் சட்டம் சொல்லும் முறை. உங்கள் பங்கை முத்திரை உடைக்காமல் குளிரில் வையுங்கள். "இது எதுக்குக் கெடக்கு" என்று தம்பி காப்பியில் ஊற்றிவிட்டால் உங்கள் சாட்சி போயிற்று. அதிகாரியின் பெயர், நேரம், பாலின் வெப்பநிலை, எந்தப் பாத்திரத்திலிருந்து எடுத்தார் என்பவற்றை அப்போதே எழுதிக்கொள்ளுங்கள்.

வாங்குபவர்களுக்கும் இதே ஒழுங்குதான். பாலில் சந்தேகம் வந்தால் மீதியைக் கொட்டிவிடாமல், வந்த பாட்டிலிலேயே மூடிக் குளிர்ப்பெட்டியில் வைத்து, மாவட்டச் சுகாதார அலுவலகத்தில் சொல்லுங்கள். வாட்ஸ்அப் குழுவில் பால்காரர் படத்தைப் போடுவது சோதனை ஆகாது.

தைப்பூசத்தையும் கோயில் திருவிழாவையும் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பால்குடத்துக்கென்று ஒரே நாளில் பத்து மடங்கு பால் கேட்பார்கள்; மாடு பத்து மடங்கு கறக்காது. மீதி எங்கிருந்து வருகிறது என்று கேட்பவர் குறைவு. இருப்பதை அளந்து சொல்லி, மீதிக்குப் பெட்டிப் பால் வாங்கிக்கொள்ளச் சொல்லிவிடுவதே எங்கள் வீட்டு முறை. அபிஷேகப் பாலைக் கலசத்திலிருந்து பிடித்துப் பிரசாதமாகக் குடிப்பவர்கள் இருப்பதால், வெயிலில் மூன்று மணி நேரம் தலையில் சுமந்த பால் அது என்பதைக் கோயில் நிர்வாகத்தினரும் எண்ணிப்பார்க்கலாம்.

கடைசியாக, குறிப்பேடு. பள்ளிக்கூடத்து நீளக் கோட்டு நோட்டுப் போதும். நாள், மாடு, லிட்டர், வெப்பநிலை, பால்மானி எண், திருத்திய எண், மருந்து ஏதேனும் இருந்தால் அது, பால் போன இடம் என்று எட்டுக் கட்டம். மாதம் ஒருமுறை பால்மானியைக் காய்ச்சி வடித்த தண்ணீரில், அதற்குரிய வெப்பநிலையில் மிதக்கவிட்டு, பூஜ்யத்தில் நிற்கிறதா என்று பார்த்து அதையும் எழுதுங்கள்.

எங்கள் வீட்டுக்கு இரண்டாம் முறை மாதிரி எடுக்க ஓர் அம்மையார் வந்தார். அம்மா ஒன்றும் பேசாமல் நோட்டை நீட்டினார். அவர் பக்கங்களைப் புரட்டிக்கொண்டே போய் ஓரிடத்தில் விரலை வைத்து, இந்த ஒரு நாள் மட்டும் ஏன் 27 என்று கேட்டார். அன்று அம்மா தாப்பாவில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். சித்தி மகன் கறந்திருந்தான். அந்த எண்ணுக்கு எதிரே, திரும்பி வந்த அன்றே அம்மா தம் கோணல் எழுத்தில் எழுதி வைத்திருந்தார்: "டின் கவுக்கல. பால் யாருக்கும் போகல. கன்னுக்குட்டிக்கு ஊத்தியாச்சு."